உங்களுக்குப் பழக்கம்தானே

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத வசவு ஒன்று உண்டு. அதை நான் வருடக்கணக்கில் வாங்கியிருக்கிறேன். அதில் ‘மேடம்’ இருக்கும், ‘ங்க’ இருக்கும், சொல்கிறவர் முகத்தில் சிரிப்பும் இருக்கும். எந்தச் சட்டப் பிரிவிலும் அது மாட்டாது. கேட்டவள் கோபப்பட்டால் கேட்டவளுக்குத்தான் கோளாறு என்பார்கள். அவ்வளவு சுத்தமான வாக்கியம். இஸ்திரி போட்ட வாக்கியம்.

“மேடம், நீங்க எறங்குங்க. உங்களுக்குப் பழக்கம்தானே.”

சொன்னவர் எங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தின் மேலதிகாரி. இறங்கச் சொன்னது வயல் சேற்றுக்குள். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த வேளாண்மை அலுவலர். என்னைப் போல அங்கே இன்னும் இரண்டு அலுவலர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இரண்டிரண்டு கால்கள்தான். ஆனால் பழக்கம் எனக்கு மட்டும்தான் இருந்தது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

பணியில் சேரும் கடிதத்தைக் கொடுத்தேன். அதை அவர் படிக்கவில்லை. என்னைப் படிக்க ஆரம்பித்தார்.

“சொந்த ஊர் எது மேடம்?”

“பூதலூர் சார்.”

“அடடே, நம்ம பக்கம்தான். பூதலூர்ல எந்தப் பக்கம்?”

“ஸ்டேஷன் பக்கம் சார். ரயில்வே குவார்ட்டர்ஸ்.”

அவர் முகம் கொஞ்சம் வாடியது. இந்த விசாரணைக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி மோசமான விலாசம் வேறு கிடையாது. அங்கே தெருவுக்குப் பெயர் இல்லை, வீட்டுக்கு நம்பர்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. ஒரே மாதிரி தண்ணீர்த் தொட்டி. ஒன்றும் பிடிபடாது.

“அப்பா ஸ்டேஷன் மாஸ்டரா?”

“கேங்மேன் சார். தண்டவாளத்துல வேலை.”

“ஓ. சரி சரி. அதுக்கு முன்னாடி? தாத்தா ஊரு?”

ஊரைச் சொன்னேன்.

“அது தெரிஞ்ச ஊருதான். அதுல வந்து…”

“கடைசித் தெரு சார்” என்றேன், பாவம், அவருக்கு எதற்குச் சிரமம் என்று.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. சாமானை அதற்குரிய தட்டில் வைத்து அலமாரியைச் சாத்திய நிம்மதி. எனக்கு டீ வரச் சொன்னார். மிக மரியாதையாக உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து கடைசி நாள் வரை அந்த மரியாதையில் ஒரு சொட்டுக் குறை வைக்கவில்லை.

முதல் தடவை இறங்கியது அந்த வருடக் குறுவை நெல் அறுவடையின்போது. விளைச்சலைக் கணிக்க வயலில் ஒரு சதுரம் அளந்து, மூலைக்கு ஒரு குச்சி அடித்து, கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து எடை போடுவோம். முந்தின நாள் மழை கொட்டியிருந்தது. வயல் சேறும் தொளியுமாகக் கிடந்தது. வரப்பில் நாங்கள் வரிசையாக நின்றோம், கொக்குகள் மாதிரி. கொக்குகளாவது இறங்கும்.

மேலதிகாரி வரப்பில் நிற்கும் அழகே தனி. பேண்ட்தான் போட்டிருப்பார். ஆனாலும் இடது கை, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்த மாதிரியே தொடையோரம் மடங்கி நிற்கும். இல்லாத வேட்டியை அந்தக் கை எத்தனை தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ. அந்தக் கையோடு திரும்பி என்னைப் பார்த்துத்தான் அந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்னார். குச்சி அடிக்க யாராவது இறங்க வேண்டும், நீங்க எறங்குங்க மேடம், உங்களுக்குப் பழக்கம்தானே.

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். டெல்டாச் சேறு சொந்தக்காரர்கள் மாதிரி. வா வா என்று உள்ளே இழுக்கும், கிளம்புகிறேன் என்றால் விடாது. ஒரு காலை எடுக்க இன்னொரு காலை ஊன்ற வேண்டும், ஊன்றிய கால் இன்னும் ஆழத்துக்குப் போகும், எங்கோ அடியில் விரலிடுக்கில் ஏதோ ஊரும், அது மண்புழுவா நண்டா நம் பயமா என்று தெரியாது. நாலாவது குச்சிக்குப் போவதற்குள் தடுமாறி இரண்டு கையையும் ஊன்றிவிட்டேன். அளவு டேப் சேற்றுக்குள் போய்விட்டது.

வரப்பிலிருந்து அன்போடு குரல் வந்தது. “பாத்து மேடம். பழக்கம் விட்டுப்போச்சு போல!”

எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கும் அந்த வாக்கியத்தின் திறமையை நினைத்து வியக்கிறேன். நான் விழாமல் நடந்தால் பழக்கம். விழுந்தால் பழக்கம் விட்டுப்போச்சு. ஏற்கெனவே பழகியிருந்தால்தானே விட்டுப்போக முடியும்? எப்படிப் புரண்டாலும் சேறு என் கணக்கில்தான் எழுதப்படும்.

உண்மை என்னவென்றால் அதுவரை நான் வயல் சேற்றில் கால் வைத்ததே இல்லை. என் அம்மா வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னும், பிறகு அப்பாவுக்கு ரயில்வே வேலை கிடைக்கும் வரைக்கும், அடுத்தவர் வயலில் குனிந்து நட்டவள். குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு அவள் போட்ட ஒரே சட்டம், பிள்ளைகள் சேற்றில் இறங்கக் கூடாது என்பதுதான். விளையாட்டுக்குக்கூட. “சேத்துல கால வச்ச, காலை ஒடிச்சு அடுப்புல வைப்பேன்” என்பாள். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும்போது நான் தண்டவாளத்து ஜல்லியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பிறகு மதிப்பெண் இழுத்துக்கொண்டு போன பக்கம் போய் வேளாண்மை படித்தேன். கல்லூரியில் செய்முறைக்கு இறங்கியது சிமெண்ட் தொட்டிக்குள் கொட்டிய சேறு. அது பூந்தொட்டி மண் மாதிரி சாதுவானது. ஆக, எனக்குப் பழக்கமான ஒரே தரை ரயில்வே ஜல்லி. இதை நான் யாரிடம் போய் நிரூபிப்பது? என் அம்மா கழுவித் துடைத்து அனுப்பிய கால்களைப் பார்த்து ஒருவர் ‘பழக்கம்தானே’ என்கிறார், நான் இறங்குகிறேன்.

அதற்குப் பிறகு அது அலுவலகத்தின் நடைமுறையாகிவிட்டது. பூச்சி பார்க்க வேண்டுமா, மேடம் இறங்குவாங்க. மண் மாதிரி எடுக்க வேண்டுமா, மேடம். அடைத்த மடையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமா, மேடம். அவர்கள் திரும்ப ஜீப்பில் ஏறும்போது நான் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருப்பேன். “மேடம், மெதுவா வாங்க, சீட்ல படாம பாத்துக்குங்க” என்பார். அதையும் அக்கறையோடுதான்.

பேசுவதா, வேண்டாமா? அந்த ஒன்றைத்தான் நான் தினமும் பேருந்தில் தீர்மானித்தேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுப் பக்கம் போகிற பேருந்து, ஆறு மாற்றி ஆறு தாண்டும். வடவாற்றுப் பாலத்தில் எனக்குக் கோபம் வரும். வெண்ணாறு வருவதற்குள் இன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவாகிவிடும். வெட்டாற்றில் என் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்பது ஞாபகத்துக்கு வரும். அவர் நினைத்தால் மேலே ஒரு வார்த்தை சொல்லி என்னை மாவட்டத்தின் மறு கோடிக்கு மாற்றிவிடலாம். குடமுருட்டியில், சேறுதானே, கழுவினால் போகிறது என்று தத்துவம் பிறக்கும். காவிரிப் பாலம் வரும்போது நான் ஒரு முழு ஞானியாகியிருப்பேன். சாயங்காலம் திரும்பும்போது அதே பாலங்களில் ஞானம் ஒவ்வொன்றாக இறங்கி, வீடு சேரும்போது கோபம் மட்டும் என்னோடு வீட்டுக்குள் வரும்.

புகார் எழுதலாம் என்று மனதுக்குள் வாசகம் கோர்த்துப் பார்த்திருக்கிறேன். ‘பொருள்: மேலதிகாரி என்னைத் தொடர்ந்து மரியாதையாக நடத்துவது தொடர்பாக.’ அதற்குக் கீழே என்ன எழுதுவது? அவர் என்னை ஒருமையில் அழைத்ததில்லை. கை நீட்டியதில்லை. சாதிப் பெயரைச் சொன்னதில்லை. வயலில் இறங்கச் சொன்னார். வேளாண்மை அலுவலரை வயலில் இறங்கச் சொல்லாமல் விமானத்திலா ஏறச் சொல்வார்கள் என்று கேட்டால்?

அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே இருந்தது மூத்த அலுவலரான ஒரு அக்கா. தஞ்சாவூர் கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவில் முதல் குரல். என்மேல் பிரியம் உள்ளவர். நான் கால் கழுவிவிட்டு வரும்போது துண்டு எடுத்துக் கொடுப்பார்.

“மனசுல வச்சுக்காதம்மா. இதை ஒப்புக்கொடுத்துடு” என்றார் ஒரு நாள்.

“யாருக்குக்கா?”

“ஆண்டவருக்கு.”

“அவருக்கு எதுக்குக்கா சேறு?”

“உன் வாய் இருக்கே” என்று சிரித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். “ரிட்டயர் ஆக எனக்குக் கொஞ்ச காலந்தான் இருக்கு. நீ ஏதாவது கேட்டன்னா என்னைச் சாட்சிக்குக் கூப்புடாத, என்ன? உனக்காக ஜெபம் பண்றேன்.”

ஜெபம் பண்ணவும் செய்தார். அதில் சந்தேகமில்லை.

மூன்றாவது அலுவலர் வயதில் இளையவர், என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அவருக்கு வயலைக் கண்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் மட்டும் புரட்சிக்காரர்.

“அநியாயம்க்கா இது! அன்னைக்கு நான் மட்டும் இருந்திருந்தா அந்த எடத்துலயே கேட்டிருப்பேன்.”

“நீ இருந்தியே தம்பி.”

“நான் வரப்புல இருந்தேங்க்கா.”

வீட்டுக்காரர் இன்னும் நியாயஸ்தர். “கண்டிப்பா கேக்கணும். நீ கேக்கலன்னா யாரு கேப்பா?” என்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆவேசப்பட்டார். அப்புறம் தட்டை இழுத்துக்கொண்டு, “ஆனா பொண்ணு பன்னெண்டாவது முடிச்சதும் கேளு” என்றார். சுயமரியாதைக்கும் பொதுத்தேர்வு அட்டவணை பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் அம்மாவுக்கு போன் போட்டேன். அவளாவது கொதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சேற்றில் கால் வைத்தால் அடுப்பில் வைப்பேன் என்றவள் அல்லவா. முழுதும் கேட்டாள்.

“விடுடி. சோப்புப் போட்டா போயிரும்” என்றாள்.

“நீயாம்மா சொல்ற?”

“அப்ப உங்கிட்ட ஒண்ணும் இல்ல, அதனால பயமும் இல்ல. இப்ப கவர்மெண்டு வேலை இருக்கு. அதைக் கெடுத்துக்காத.”

அதுவரை எனக்கு மேலதிகாரி மேல் வந்த கோபமெல்லாம் சும்மா. இதுதான் நிஜமாகச் சுட்டது. அவர் என் காலைத்தான் சேற்றில் இறக்கினார். என் அம்மாவின் வாயிலிருந்தே சோப்பை வரவழைத்துவிட்டார்.

கல்லணையில் தண்ணீர் திறந்து, குறுவை நடவு முழு வேகத்தில் இருந்த நாளில் வரிசை நடவுச் செயல்விளக்கம் ஒன்று வைத்தார் மேலதிகாரி. மாவட்ட அதிகாரி அம்மா வருகிறார். சாலையோர வயல், பக்கத்தில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், போண்டா, பொன்னாடைகள். ஃபிளெக்ஸ் போர்டில் மேலதிகாரியின் படம் பெரிதாக, நெற்பயிர் அவர் காதோரத்தில் சொருகிய மாதிரி சின்னதாக. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. வயலுக்குள் நாற்றுமுடிகளோடு நடவுப் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் அவர்கள் முதுகில் நின்றது, நாங்கள் நிழலில் நின்றோம்.

காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “மேடம், அம்மா வந்ததும் நீங்க அந்தப் பொம்பளைங்களோட நின்னு நட்டுக் காட்டணும். ஆபீசரே எறங்கி நட்டா போட்டோ பிரமாதமா இருக்கும். புடவையை அவங்க மாதிரியே கட்டிக்குங்க. இயற்கையா இருக்கும்.”

‘இயற்கையா’ என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் வாஞ்சை சொட்டியது. நான் புடவையை மாற்றிக் கட்டவில்லை. எனக்குள் ஐந்து பாலமும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மாவட்ட அதிகாரி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெயிலில் போர்த்தப்படுவதைப் பொறுத்துக்கொள்வதற்கே அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம். மேலதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்தார். தண்ணீரைப் பற்றி, தாயைப் பற்றி, மண்ணைப் பற்றி, மறுபடி தாயைப் பற்றிப் பேசிவிட்டு, “இப்ப நம்ம மேடம் வயல்ல எறங்கி நட்டுக் காட்டுவாங்க. அவங்களுக்கு இதெல்லாம் சின்ன வயசுலேருந்து பழக்கம். மேடம், ரெண்டு வார்த்தை பேசிட்டு எறங்குங்க” என்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்.

அதுதான் அவர் செய்த தவறு. இத்தனை வருடம் அந்த வாக்கியத்தை வரப்பில், ஜீப்பில், நாலு பேர் காதுக்கு மட்டும் சொன்னவர், அன்றைக்கு ஒலிபெருக்கியில் சொல்லி, பதில் சொல்லும் கருவியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

“எனக்குப் பழக்கம் இல்ல சார்” என்றேன்.

குழாய் அதை வாங்கி வயல்வெளி முழுக்க வீசியது. இல்ல சார், சார், சார் என்று எதிர்க்கரைத் தோப்பில் போய் முட்டித் திரும்பியது. இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன. இவ்வளவு சின்ன உண்மைக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்கே தெரியாது.

மேலதிகாரி சிரித்தார். “மேடம் தன்னடக்கமா சொல்றாங்க.”

“இல்ல சார். நிஜமாவே தெரியாது. நான் நாத்து நட்டதே இல்ல. நம்ம ஆபீஸ்ல மூணு அலுவலர் இருக்கோம். எப்பப் பாத்தாலும் எனக்குத்தான் பழக்கம்னு சொல்லி எறக்கி விடுறீங்க. எதை வச்சு சார் அப்படிச் சொல்றீங்க?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. தம்பி போண்டாவை வாய்க்குப் பாதியில் நிறுத்தினார். மேலதிகாரியின் இடது கை, இல்லாத வேட்டியைத் தேடித் தொடையைத் தடவியது.

“அது வந்து… பொதுவா…” என்றார். ஒலிவாங்கி இல்லாததால் பக்கத்தில் நின்ற என்னைத் தவிர அது யாருக்கும் கேட்கவில்லை.

வயலுக்குள்ளிருந்து ஒரு நடவுப் பெண் உரக்கக் கத்தினாள். “ஏங்க, தெரியலன்னா அவங்கள விடுங்களேன்! நாங்க நட்டுட்டுப் போறோம். நாத்து வாடுது, நாங்களும் வாடுறோம்!”

சிரிப்பு கிளம்பியது. என் வாழ்க்கையின் மாபெரும் தருணத்தை அவள் இப்படிப் போட்டு உடைத்ததற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

மாவட்ட அதிகாரி எழுந்து நின்று நீதி சொல்வார் என்று நினைக்க வேண்டாம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “யாராவது ஒருத்தர் எறங்குங்க. போட்டோ எடுத்துட்டு நான் கெளம்பணும்” என்றார்.

மேலதிகாரி சுற்றும் முற்றும் பார்த்து, “நீ எறங்குப்பா” என்றார் தம்பியிடம்.

தம்பி இறங்கினார். பல வருட இடுப்பு வலி ஒரு நொடியில் குணமானதை நான் கண்ணால் பார்த்தேன். அக்கா அதைத் தன் ஜெபத்தின் பலன் என்று பிறகு சொன்னார்.

காரில் ஏறும்போது மாவட்ட அதிகாரி கண்ணாடியை இறக்கி மேலதிகாரியிடம் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. “இனிமே முறை வச்சு எல்லாருமே எறங்குங்க. புகார், கிகார்னு எதுவும் என் டேபிளுக்கு வரக் கூடாது.” நியாயத்தின் மேல் பிரியமில்லை, மேசை மேல்தான் பிரியம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த நாள் மேலதிகாரி அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். டீ வரச் சொன்னார். முதல் நாள் மாதிரியே.

“என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க மேடம். நான் பாராட்டாத்தான் சொன்னேன். உங்க ஆளுங்க நல்ல உழைப்பாளிங்க, அதைப் பெருமையாத்தான்…”

“எங்க ஆளுங்கன்னா யாரு சார்?”

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். உரக் கம்பெனி காலண்டர். அதில் விடை இல்லை. ஜன்னலைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து முகம் தெளிந்தது.

“ரயில்வே” என்றார்.

“ரயில்வேல யாரும் நாத்து நட மாட்டாங்க சார்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். நல்ல டீ.

அதற்குப் பிறகு முறை வைத்து இறங்குவது ஆரம்பமானது. அவர் முறைக்கு முந்தின வாரம், அலுவலகத்துக்கு முழங்கால் வரைக்கும் வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ்கள் வந்து இறங்கின. காலில் சேறு படாமல் சேற்றில் இறங்குவதற்காக. டெல்டாவில் பிறந்து வளர்ந்த ஒருவர், நடவு வயலுக்குப் போட்டுக்கொள்ள பூட்ஸ் வாங்குகிறார் என்றால், அவருக்குச் சேற்றோடு இருந்த உறவு முழுக்க வரப்பிலிருந்து பார்த்த உறவுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு பேருக்கும் பழக்கம் இல்லை. அவருடைய பழக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுத்ததில்லை.

இலைச்சுருட்டுப் புழு பார்க்கப் போன அன்று அவர் முறை. பூட்ஸோடு இறங்கினார். முதல் அடி கம்பீரம். இரண்டாவது அடியில் கால் வெளியே வந்தது, பூட்ஸ் வரவில்லை. வெள்ளை சாக்ஸ் போட்ட பாதம் ஒன்று அந்தரத்தில் நின்றது. குட்டையில் நாரை நிற்பது போல அவர் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தார், கைக்கு எட்டாமல் பூட்ஸ் வாயைத் திறந்துகொண்டு நின்றது, அதற்குள் சேற்றுத் தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

யாராவது போய் எடுத்துத் தர வேண்டும். அக்கா வானத்தைப் பார்த்தார். தம்பி இடுப்பில் கை வைத்தார், வலி திரும்பிவிட்டது. மேலதிகாரி என்னைப் பார்த்தார். அந்த வாக்கியம் அவர் தொண்டைக்குள் ஏறுவதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ‘மேடம்’ வந்துவிட்டது. உதடு ‘உங்க’ என்று குவிந்தது. நான் வரப்பில் நின்றபடி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்கு விரித்திருந்த குடையைக்கூட மடக்கவில்லை.

வாக்கியம் திரும்பி உள்ளே போயிற்று. விழுங்குவது கழுத்தில் தெரிந்தது. வெள்ளை சாக்ஸ் சேற்றுக்குள் இறங்கிற்று.

பெண்ணுக்குத் தேர்வு முடிந்த கோடையில் எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. ‘நிர்வாக நலன் கருதி.’ நிர்வாகத்துக்கு அப்படி என்ன நோய், நான் இந்தப் பக்கம் இருந்தால் அதற்கு என்ன ஆகும் என்று உத்தரவில் இல்லை. பட்டுக்கோட்டையைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓர் அலுவலகம். தினமும் போக வர நீண்ட பேருந்துப் பயணம். வீட்டுக்காரர், “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றார். என்ன சொன்னார் என்று எனக்கும் நினைவில்லை, அவருக்கும் இருக்காது. அக்கா அழுதார். தம்பி டீக்கடையில் வைத்து, “அநியாயம்க்கா” என்றார்.

அம்மாவிடம் பயந்து பயந்து சொன்னேன். வேலையைக் கெடுத்துக்காதே என்றவள்.

“தூரமா?” என்றாள்.

“ஆமாம்மா. ரொம்ப.”

“அங்க சேறு உண்டா?”

“இல்லம்மா. தென்னை. எல்லாம் மணல்.”

சிரித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்த இடத்தில் அப்படி ஒரு சிரிப்பு, பல்லில்லாத வாயின் நிறைந்த சிரிப்பு.

“அப்ப நல்லதாப் போச்சு. மணல்ல யாரையும் எறக்கிவிட முடியாது, போ.”

தென்னை மரங்களின் உயரத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. இங்கே யாராவது என்னை ஏறச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பதில் கைவசம் இருக்கிறது.